பேராசிரியரை விட்டுப் பிரியாத பூனை

பொடிசுக்குப் பூனைப் பைத்தியம் எப்போது பிடித்தது என்று அவள் அம்மாவைக் கேட்டால், பிறக்கும்போதே பிடித்திருந்தது, பிரசவம் பார்த்தவள் கவனிக்காமல் கையில் கொடுத்துவிட்டாள் என்பாள். அம்மா தையற்காரி. அந்த ஊரில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளில் பாதிப் பேரின் முழங்காலை மூடியது அவள் தைத்த துணிதான். வீட்டு முன்னறையில் இரண்டு தையல் மிஷின், ஒரு வெட்டு மேசை, மேசைக்கடியில் துண்டுத்துணி மூட்டை, மூட்டைக்குள் எப்போதும் ஒரு தெருப்பூனை. அந்த மூட்டைக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு, பூனை தூங்குவதை வாயைப் பிளந்து பார்த்தே வளர்ந்தவள் பொடிசு. வீட்டுக்குக் கடைசிப் பிள்ளை என்பதால் வந்த பேர் அது. ஆள் கடைசிவரை உயரமாகவில்லை என்பதால் பேரும் நிலைத்துவிட்டது.

அப்படிப்பட்டவள் கல்லூரிப் படிப்பை முடித்து, மேற்படிப்புக்குக் காட்டுப்பூனையைப் பற்றி ஆராயப் போகிறேன் என்று வந்து நின்றபோது, அம்மா மிஷினிலிருந்து காலை எடுக்காமலே கேட்டாள்.

"பூனையப் படிக்கறதுக்கா காட்டுக்குப் போற?"

"காட்டுப்பூனைம்மா."

"மேசைக்கடியில கிடக்குதே, அது என்ன கழுதையா?"

"அது வீட்டுப்பூனை. இது வேறம்மா. மனுஷங்களக் கண்டாலே ஓடிடும்."

"ஓடற பூனைய உக்காந்து எப்படிடி படிப்ப? உக்காந்திருக்கற பூனையப் படி. வேளாவேளைக்குச் சோறாவது கிடைக்கும்."

நியாயமான பேச்சுதான். ஆனால் நியாயத்தைக் கேட்டு நடக்கிற வயதா அது? ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தாள். கடைசியில் அம்மாவே இறங்கி வந்தாள். "சரி, ஒரு சீசன் போய்ட்டு வா. அடுத்த சீசனும் நீ வேணும்னு அவங்க வாயால சொன்னா, இரு. வேண்டாம்னு அனுப்பிட்டா, பேசாம வந்து ரெண்டாவது மிஷின்ல உக்காரு. அது சும்மாதான் கிடக்குது." அந்த இரண்டாவது மிஷினைப் பார்க்கும்போதெல்லாம் பொடிசு ஒரு எட்டுப் பின்னால் நகர்ந்துகொள்வாள். தையல் கேவலம் என்றில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க விடாது என்று அவளுக்குத் தெரியும்.

ஏற்கெனவே வகுப்போடு ஒருமுறை அந்தக் காட்டுக்குப் போயிருந்தாள். அப்போதுதான் ஒரு பெண் காட்டுப்பூனையைக் கூண்டில் பிடித்து, மயக்க ஊசி போட்டு, கழுத்தில் பட்டை கட்டினார்கள். பட்டையில் தீப்பெட்டி அளவில் ஒரு சின்னப் பெட்டி. அது இருக்கிற இடத்திலிருந்து ஓயாமல் டிக் டிக் என்று சேதி அனுப்பும். கையில் ஆன்டெனாவும் ரிசீவரும் இருந்தால் அந்தச் சத்தத்தைப் பிடித்து, பூனை எந்தத் திசையில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். எல்லாரும் பட்டையைச் சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, பூனையின் முன்னங்காலைப் பிடித்துக்கொள்ளும் வேலை பொடிசுக்கு வாய்த்தது. கையகலம்கூட இல்லாத கால். அடிப்பாதம் வெயிலில் கிடந்த கூழாங்கல் மாதிரிச் சூடாக இருந்தது. ஊசி போட்ட மிருக மருத்துவர் கிளம்பும்போது ஒன்று சொன்னார்: "இது வளர்ற பூனை. கழுத்து பெருக்கும். அடுத்த சீசன்ல மறுபடி பிடிச்சு, பெரிய பட்டையா மாத்திடணும். விட்டுட்டா இறுக்கிடும்." எல்லாரும் தலையாட்டினார்கள். தலையாட்டுவதில் படித்தவர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை.

அந்த அடுத்த சீசனுக்குத்தான் இப்போது பொடிசு வந்து இறங்கினாள்.

காட்டோரத்து ஆராய்ச்சி நிலையம் என்றால் ஏதோ மாளிகை என்று நினைக்க வேண்டாம். தகரக் கூரை போட்ட மூன்று அறை. வராந்தாக் கம்பியில் எப்போதும் காயாத காலுறைகள். அடுக்களை அலமாரியில் சர்க்கரை டப்பாவும், அதே அளவில் அதே நிறத்தில் பூனை எச்சம் வைத்த டப்பாவும் தோளோடு தோள் நிற்கும். எச்சத்தை எதற்கு வைத்திருக்கிறார்கள் என்றால், பூனை என்ன தின்றது என்று கண்டுபிடிக்க. ஓடையில் சல்லடையை வைத்து அதைக் கழுவி, எலிப்பல்லையும் மயிரையும் இடுக்கியால் பொறுக்கி எடுக்க வேண்டும். பட்டம் வாங்கிய பெண் செய்யக்கூடிய உயர்ந்த வேலைதான். வீட்டில் ஒரு பாத்திரம் கழுவச் சொன்னால் முகம் சுளித்தவள், இதை மூக்கை மூடாமல் செய்தாள்.

அங்கே இருந்தவர்கள் மூன்று பேர். முதலாமவர் பேராசிரியர். பத்துப் பை வைத்த மேல்சட்டை போட்டிருப்பார். எந்தப் பையில் என்ன இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. மூக்குக்கண்ணாடியைத் தேட ஆரம்பித்தால் அன்றைய காலை முடிந்துவிடும். "காட்டுலயே என் வாழ்க்கை போயிடுச்சும்மா" என்பார். உண்மைதான். காட்டில் நின்ற ஜீப்புக்குள் போய்விட்டது. இரண்டாவது, மூத்த மாணவி. பொடிசு அவளை அக்கா என்பாள். ஆராய்ச்சி முடியப்போகிறது, முடியப்போகிறது என்று சொல்லிக்கொண்டே அங்கேயே குடியிருப்பவள். கூந்தலுக்குத் தேய்க்கும் வாசனை எண்ணெய் மட்டும் ஒரு பெட்டி நிறைய வைத்திருந்தாள். மூன்றாவது, ஜீப் ஓட்டும் அண்ணன். எது நடந்தாலும் தனக்கு முன்னாலேயே தெரியும் என்பார், நடந்து முடிந்த பிறகு.

வந்த முதல் நாள் பொடிசைச் சாமான் அறையை ஒழுங்கு பண்ணச் சொன்னார்கள். பண்ணினாள். அங்கே ஒரு தகரப் பெட்டிக்குள் புதுக் கழுத்துப்பட்டை ஒன்று இருந்தது. பூனைக்கு மாற்றிக் கட்ட வரவழைத்தது. அதன்மேல் நாடா வைத்து ஒட்டியபடி ஒரு சின்னக் காந்தம்.

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனமாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். அந்தக் காந்தம் ஒட்டியிருக்கும்வரைதான் பட்டை தூங்கும். எடுத்துவிட்டால் விழித்துக்கொண்டு டிக் டிக் என்று கத்த ஆரம்பித்துவிடும். காதுக்குக் கேட்காது, ரிசீவருக்குத்தான் கேட்கும். பேராசிரியர் வகுப்பில் கழுத்துப்பட்டையின் வரலாற்றை வாரக்கணக்கில் நடத்தியிருந்தார். முதன்முதலில் எந்த நாட்டில் எந்த மிருகத்தின் கழுத்தில் கட்டினார்கள் என்பதெல்லாம் பொடிசுக்கு மனப்பாடம். காந்தத்தைப் பற்றி அரை வாக்கியம் வரவில்லை. அது செய்முறை, காட்டில் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார். காட்டுக்கு வந்ததும், வகுப்பிலேயே சொல்லியிருப்போம் என்று விட்டுவிட்டார்.

பொடிசின் கட்டிலுக்குப் பக்கத்தில் இரும்பு அலமாரி ஒன்று. அதன் கதவு மூடி நிற்காது. சாத்தினால் ஆவென்று திறந்துகொள்ளும். நல்ல காந்தமாக இருக்கிறதே, பட்டைக்கு எதற்குக் காந்தம் என்று நாடாவை உரித்து, காந்தத்தை எடுத்துக் கதவில் வைத்தாள். கதவு கச்சிதமாக ஒட்டிக்கொண்டது. தையற்காரி மகள் அல்லவா? கிடைத்ததை வைத்து ஓட்டையை அடைப்பது ரத்தத்தில் ஊறியது.

அன்று மாலையே ஓட்டுநர் அண்ணன், பூனை பிடிக்கும் கூண்டு, கயிறு, அந்தத் தகரப் பெட்டி எல்லாவற்றையும் ஜீப்பின் பின்னால் ஏற்றினார்.

இன்னொன்றும் உண்டு. புதுப் பட்டையும் பூனை கழுத்தில் கிடந்த பழைய பட்டையும் ரிசீவரில் ஒரே அலைவரிசை எண்ணில்தான் ஒலிக்கும். "அதே பூனைதானே, எதுக்கு வேற நம்பர்?" என்று பேராசிரியரே கேட்டு வாங்கியது. பெரிய மூளை.

மறுநாள் காலை கூண்டு வைக்கக் கிளம்பினார்கள். பொடிசு வந்த நாள்வரை பூனை ஆற்றுக்கு அந்தப் பக்கம், கல் மேட்டில் இருப்பதாக அக்காவுக்குச் சத்தம் கிடைத்துக்கொண்டிருந்தது. ஜீப் வழியில் நின்றதும் பேராசிரியர் ரிசீவரைப் போட்டார். டிக்! டிக்! டிக்! காதைப் பிளந்தது.

"பக்கத்துல இருக்கு!" என்றார் கிசுகிசுப்பாக.

ஆன்டெனாவை வலப்பக்கம் திருப்பினார், டிக். இடப்பக்கம் திருப்பினார், டிக். பின்னால், முன்னால், வானத்துக்கு. எங்கே திருப்பினாலும் அதே சத்தம்.

"நம்மள சுத்திச் சுத்தி வருது" என்றார். கண்ணில் தண்ணீர்.

நாலு புதரைக் கம்பால் தட்டிப் பார்த்தார்கள். பூனையின் வால்கூடத் தெரியவில்லை. ஜீப்பை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போனார்கள். அங்கேயும் டிக். ஓடைக்குப் போனார்கள், டிக். நிலையத்துக்குத் திரும்பிவந்து தேநீர் குடித்தார்கள், வாசலில் டிக். ஆற்றுக்கு அப்பால் கிடந்த பூனை, பேராசிரியர் வந்த சேதி கேட்டு நீந்தி வந்து, ஜீப்பைத் தொடர்ந்து ஓடி, களைக்காமல் திரும்பியும் வந்திருக்கிறது. வேறு யாராவது இப்படிச் சொன்னால் தலையில் எலுமிச்சம்பழம் தேய்க்கச் சொல்வோம். பேராசிரியர் சொன்னால் அது கண்டுபிடிப்பு.

அன்றிலிருந்து நிலையமே ஒரு மாதிரி ஆகிவிட்டது. "பல ஆயிரம் வருஷத்துக்கு முந்தி காட்டுப்பூனை மனுஷனத் தேடி வந்து வீட்டுப்பூனையாச்சு இல்லையா? அது இப்ப நம்ம கண் முன்னாடி நடக்குது. என்னைத் தேடி வந்திருக்கு" என்று பேராசிரியர் முகத்தை மழித்துக்கொண்டு நடமாட ஆரம்பித்தார். கூண்டு வைக்கும் வேலையை நிறுத்தச் சொன்னார். அன்போடு வருகிற பூனையைக் கூண்டில் அடைத்தால் மனம் ஒடிந்துவிடுமாம்.

ஓட்டுநர் அண்ணனுக்கு வேறு கணக்கு. "சார் சொல்லிட்டுப் போறாரு பாப்பா. அது என் மீன் வறுவலுக்கு வருது. சாப்பாட்டு டப்பா வண்டியிலதான இருக்கு?"

அக்கா தன் எண்ணெயை முகர்ந்து பார்த்துக்கொண்டாள். "பூனைங்களுக்கு இந்த வாசனை ரொம்பப் பிடிக்குமாம். நான் யார்கிட்டயும் சொல்லல."

பொடிசு தன் கணக்கை வெளியே விடவில்லை. ஆனால் ஜீப்பில் உட்கார்ந்து அந்த டிக் டிக்கைக் கேட்கும்போதெல்லாம் உள்ளங்கை சூடாகும். மயக்கத்தில் இருந்தாலும் பூனைக்குத் தெரிந்திருக்கும், காலைப் பிடித்தவள் யார் என்று. அதை நினைத்துக்கொண்டு தனியாகச் சிரித்துக்கொள்வாள். நாலு பேரும் ஒரே பூனையை நாலு விதமாகக் காதலித்தார்கள். அதில் இவள் காதல் மட்டும் உசத்தி என்று நான் சொல்ல மாட்டேன்.

நிலையத்தில் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி நின்றால்தான் கைப்பேசிக்கு உயிர் வரும். ஏறி நின்று அம்மாவிடம் பேசினாள்.

"பூனையப் பாத்தியா?"

"இன்னும் இல்லம்மா. ஆனா கூடவே இருக்கு."

"கூடவே இருக்கறத ஏன்டி பாக்க முடியல?"

"அது மறைஞ்சிருக்கும்மா. இதெல்லாம் உனக்குச் சொன்னா புரியாது."

"எனக்குப் புரியாதுதான். அடுத்த சீசன் கூப்பிடுவாங்களா, அதச் சொல்லு."

அதுதான் தெரியவில்லை. அடுத்த சீசனுக்கு ஒரு மாணவிக்குத்தான் இடம் என்று பேச்சு. அக்கா வேறு, இன்னும் முடியவில்லை, முடியவில்லை என்று அசையாமல் இருக்கிறாள். யார் இருப்பது என்பதைப் பல்கலைக்கழகத்திலிருந்து வரப்போகிற துறைத் தலைவி முடிவு செய்வார், பேராசிரியர் யாரைச் சொல்கிறாரோ அதற்குத் தலையசைப்பார் என்றார்கள். தன்னைத் தேடி வந்த பூனையைத் தலைவிக்கு நேரில் காட்ட வேண்டும் என்று பேராசிரியர்தான் அவரை வரச் சொல்லியிருந்தார். பெண் பார்க்க வருகிற வீடு மாதிரி நிலையத்தைப் பெருக்கித் துடைத்தார்கள். எச்ச டப்பாவைச் சர்க்கரை டப்பாவிடமிருந்து பிரித்து வைத்தார்கள்.

தலைவி வருகிற அன்று, மூன்று பேரும் ஜீப்பில் பேருந்து நிலையத்துக்குக் கிளம்பினார்கள். அக்காவுக்கு எண்ணெய் தீர்ந்திருந்தது. "நீ இங்கயே இரும்மா. பூனைக்குத் துணையா" என்று ரிசீவரைப் பொடிசின் கையில் கொடுத்துவிட்டுப் போனார் பேராசிரியர்.

வராந்தாவில் உட்கார்ந்து ரிசீவரைப் போட்டாள். டிக் டிக். ஜீப் கிளம்பியது. டிக் டிக் கொஞ்சம் குறைந்தது. ஜீப் வளைவு தாண்டியது. இன்னும் குறைந்தது. அப்புறம் ஒன்றுமில்லை. வெறும் இரைச்சல்.

பொடிசுக்கு முதலில் வந்தது அறிவு இல்லை, அழுகை. காலைப் பிடித்தவளை விட்டுவிட்டு, பத்துப் பைக்காரர் பின்னாலேயே போய்விட்டதே அந்தப் பூனை! நன்றி கெட்ட ஜென்மம் என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். இரைச்சலை அணைக்கவும் மனசில்லை.

வெயில் ஏறிய பிறகு ரிசீவர் முனகியது. டிக். சத்தம் வளைவுப் பக்கமிருந்து வந்தது. எழுந்து நின்று பார்த்தாள். சாலையில் புழுதி. புழுதி நெருங்க நெருங்கச் சத்தம் நெருங்கியது. ஜீப் வாசலில் வந்து நின்றபோது ரிசீவர் கதறியது.

ஆக, பூனை பேருந்து நிலையம்வரை போய், துறைத் தலைவியை வரவேற்று, கூடவே திரும்பி வந்திருக்கிறது. இனி அது பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வரவேண்டியதுதான் பாக்கி. அப்போதுதான் பொடிசுக்கு அழுகை நின்றது. அழுகை நின்றால்தான் இவளுக்கு மூளை ஓடும், சின்ன வயதிலிருந்தே அப்படி.

உள்ளே எல்லாரும் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது ஜீப்பின் பின்பக்கம் போனாள். ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு வெறும் ரிசீவரைக் கயிற்றுக்கு மேல் பிடித்தாள். கூண்டுக்கு மேல் பிடித்தாள். தகரப் பெட்டிக்கு மேல் பிடித்தபோது அது பேய் பிடித்த மாதிரி அலறியது. பெட்டியைத் திறந்தாள். புதுப் பட்டை. அதில் நாடா உரித்த பசைத் தடம், அவள் நகம் கீறிய கோடு.

ஓடிப்போய்த் தன் அலமாரிக் கதவிலிருந்து காந்தத்தைப் பிடுங்கினாள். கதவு ஆவென்று திறந்துகொண்டது. ஜீப்புக்கு வந்து காந்தத்தைப் பட்டையில் வைத்தாள். சத்தம் நின்றது. எடுத்தாள், டிக். வைத்தாள், இல்லை. இத்தனை நாளும் பேராசிரியர் காதலித்தது, ஓட்டுநர் அண்ணன் மீன் போட்டது, அக்கா எண்ணெய் பூசியது, தான் உள்ளங்கை சூடாக உட்கார்ந்திருந்தது எல்லாம் ஒரு தகர டப்பாவுக்கு.

நாடாவை எடுத்துக் காந்தத்தை அழுத்தி ஒட்டினாள். பெட்டியை மூடினாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. இதைச் சொன்னால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. அம்மா வீட்டில் இரண்டாவது மிஷினுக்கு எண்ணெய் போட்டு வைத்திருப்பாள்.

மறுநாள் காலை காட்சி. தலைவியை நடுவில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, பேராசிரியர் ரிசீவரை முடுக்கினார். இரைச்சல். ஆன்டெனாவைத் திருப்பினார். இரைச்சல். தட்டினார், உதறினார், மின்கலத்தை மாற்றினார். அக்கா கூந்தலை அவிழ்த்துவிட்டாள். ஓட்டுநர் அண்ணன் மூடியிருந்த சாப்பாட்டு டப்பாவை மெல்லத் திறந்துவைத்தார். பூனை வரவில்லை.

இதோடு மனிதர் உட்கார்ந்துவிடுவார் என்று பொடிசு நினைத்தாள். படித்தவர்களைப் பற்றி அவளுக்கு இன்னும் தெரியவில்லை.

"பாத்தீங்களா மேடம்?" என்றார் பேராசிரியர். முகத்தில் ஒரு ஒளி. "புது ஆள் வந்ததும் ஒதுங்கிடுச்சு. கூச்சம்! இதவிட என்ன சாட்சி வேணும்? அதுக்கு நான்தான் வேணும். உங்களுக்காக அது வராது."

தலைவி தேநீரை ஊதிக் குடித்தார். அதிகம் பேசாத பெண்மணி. "சத்தம் வந்தாலும் உங்களத் தேடி வருது. வரலன்னாலும் உங்களத் தேடித்தான் வராம இருக்கு. அப்படித்தானே?"

"அப்படியேதான் மேடம்!" என்றார் பேராசிரியர், பாராட்டு என்று நினைத்துக்கொண்டு. "கட்டுரை தயார். ஒரே ஒரு விண்ணப்பம். பட்டை மாத்தறத அடுத்த சீசனுக்குத் தள்ளிடலாம். இப்ப பிடிச்சா பயந்துடும். அப்புறம் இந்தப் பொண்ணு. ராத்திரி பகல் பாக்காம உழைச்சிருக்கா. அடுத்த சீசன் இவளே இருக்கட்டும்."

தலைவி பொடிசைப் பார்த்தார். "உனக்குச் சம்மதம்தானேம்மா?"

பார்த்தீர்களா, கேட்டதெல்லாம் தட்டில் வைத்து நீட்டுகிறார்கள். 'சரிங்க மேடம்' என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். தண்ணீர்த் தொட்டியில் ஏறி நின்று அம்மாவிடம் வென்றுவிட்டேன் என்று கத்தலாம். பொடிசு வாயைத் திறக்கத்தான் திறந்தாள். மருத்துவரின் குரல்தான் நினைவுக்கு வந்தது, விட்டுட்டா இறுக்கிடும் என்று. உண்மையான பூனை எங்கேயோ ஆற்றுக்கு அப்பால் வளர்ந்துகொண்டிருக்கிறது. கழுத்து பெருத்துக்கொண்டிருக்கிறது. தேட வேண்டியவர்கள் நாலு பேரும் ஒரு டப்பாவைக் காதலித்து முடித்து, இப்போது கட்டுரையும் எழுதிவிட்டார்கள்.

"அண்ணே, வண்டியில இருக்கற தகரப் பெட்டியக் கொண்டாங்க" என்றாள்.

"எதுக்குப் பாப்பா?"

"கொண்டாங்கண்ணே."

கொண்டுவந்தார். பட்டையை எடுத்து மேசைமேல், தலைவியின் தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள். நாடாவை உரித்துக் காந்தத்தை எடுத்தாள். டிக்! டிக்! டிக்! கோப்பை அருகே ரிசீவர் துள்ளியது.

"சார், உங்க பூனை" என்றாள். கேலியாகச் சொல்லவில்லை. அப்புறம் அலமாரிக் கதவிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

ஓட்டுநர் அண்ணன்தான் முதலில் வாயைத் திறந்தார். "அப்ப மீனுக்கு வரலையா?"

"சும்மா இருங்கண்ணே" என்று அக்கா கூந்தலை முடிந்துகொண்டாள்.

பேராசிரியர் பத்துப் பையிலும் கையை விட்டுத் தேடினார். எதைத் தேடுகிறார் என்று யாரும் கேட்கவில்லை. பிறகு சிவந்த முகத்தோடு எழுந்தார். "ஒரு கதவுக்காக! ஒரு அலமாரிக் கதவுக்காக என் ஆராய்ச்சியையே... மேடம், இந்தப் பொண்ணு இனிமே என் ஜீப்ல ஏறக்கூடாது. ஒரு நாள்கூட!"

தலைவி காந்தத்தைப் பட்டையில் வைத்துச் சத்தத்தை நிறுத்தினார். ஒரே எண்ணில் இரண்டு பட்டை வாங்கியது யார் என்று கேட்டார். பேராசிரியர் கூரைத் தகரத்தைப் பார்த்தார். காந்தத்தைப் பற்றிச் சொல்லிக் கொடுத்தது யார் என்று கேட்டார். அவர் மறுபடி பைக்குள் கையை விட்டார். சிரிப்பை அடக்க அவர் ஒரு வாய் தேநீர் குடித்தார்.

"சரி. நீங்க சொன்ன மாதிரியே. இந்தப் பொண்ணு ஜீப்ல ஏற வேண்டாம்" என்றார். பொடிசு கம்பியில் கிடந்த தன் காலுறையை எடுக்கத் திரும்பினாள். "நடந்து போகட்டும். பூனையக் கண்டுபிடிச்சுப் பட்டைய மாத்தற வரைக்கும் நடக்கட்டும். அதுக்கு இந்த சீசன் போதலன்னா அடுத்த சீசனும் நடக்கட்டும்."

தண்டனையா பரிசா என்று அங்கே யாருக்கும் விளங்கவில்லை. பேராசிரியர் தண்டனை என்று எடுத்துக்கொண்டு திருப்தியடைந்தார்.

அப்புறம் நடந்தாள். ஆன்டெனாவைத் தோளில் சாய்த்துக்கொண்டு, ஆற்றைத் தாண்டி, பெரிய சத்தம் நின்றுபோன காதோடு. கல் மேட்டில் ஆள் இல்லை. அதற்கப்பால் சரிவில் ஒன்றுமில்லை. செருப்பு அறுந்தது, கொப்புளம் வந்தது, கொப்புளத்தின் மேல் கொப்புளம் வந்தது. அக்காவே மனம் பொறுக்காமல் கூட நடக்க வந்தாள், எண்ணெய் தேய்க்காமல். ஒரு நாள் காட்டின் கோடியில், ஈக்கள் பேசிக்கொள்வதைப் போல ரிசீவரில் ஒரு மெல்லிய டிக் கேட்டது. மின்கலம் சாகக் கிடந்த பழைய பட்டை. அந்தப் பூனை பேராசிரியரை விட்டு எவ்வளவு தூரம் விலக முடியுமோ, காட்டை விட்டு வெளியே போகாமல், அவ்வளவு தூரம் விலகியிருந்தது.

கூண்டு வைத்தார்கள். பூனை உள்ளே விழுந்தது. மருத்துவர் வந்து ஊசி போட்டார். பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே ஒரு விரல் நுழையவில்லை. மயிர் உதிர்ந்து தோல் புண்ணாகியிருந்தது. "இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா..." என்று ஆரம்பித்தவர், பொடிசின் முகத்தைப் பார்த்து வாக்கியத்தை முடிக்கவில்லை. பட்டையை மாற்றிக் கட்டும்போது இந்தத் தடவையும் அவள்தான் முன்னங்காலைப் பிடித்துக்கொண்டாள். கால் பெரிதாகியிருந்தது. மயக்கம் தெளிகிற நேரத்தில் கையை எடுக்கச் சொன்னார்கள். அவள் ஒரு நொடி தாமதித்தாள்.

சாயங்காலம் தொட்டியில் ஏறி அம்மாவைக் கூப்பிட்டாள்.

"பூனையப் பாத்தியா?"

"பாத்தேன்மா. கைய நல்லா பிராண்டி விட்டுடுச்சு. கட்டுப் போட்டிருக்கு."

"பிராண்டிச்சா?" அம்மா கொஞ்ச நேரம் மிஷினை நிறுத்தினாள். "அப்ப இதுதான்டி பூனை. சரி, அடுத்த சீசன்?"

"இருக்கச் சொல்லிட்டாங்க. ஆனா ஜீப் கிடையாது, நடக்கணும்."

"கால் இருக்கில்ல? நட. இந்த மிஷின நான் பக்கத்து வீட்டுப் பொண்ணுக்குச் சொல்லிக் கொடுக்கறேன்."

இன்று பொடிசிடமே படிக்கிற மாணவர்கள் உண்டு, அவளுக்கென்று ஒரு ஜீப்பும் உண்டு. பிள்ளைகள் அவளைப் பற்றி முணுமுணுக்கிறார்கள். ரிசீவரைப் போடுவதற்கு முன்னால், தினமும், ஜீப்பிலிருந்து கயிறு முதல் சாப்பாட்டு டப்பாவரை எல்லாவற்றையும் இறக்கச் சொல்கிறாளாம். இறக்கி முடிப்பதற்குள் பாதிக் காலை போய்விடுகிறதாம். வந்த முதல் நாளே அவரவர் அலமாரிக் கதவையும் போய்ப் பார்க்கிறாளாம். ஏன் என்று கேட்டால் சொல்வதில்லை. பேராசிரியரைக் கேட்டால் சொல்வார். ஓய்வு பெற்றுவிட்டார். கட்டுரை வெளிவரவில்லை. ஆனால் எந்த மேடையில் ஏறினாலும், ஒரு காட்டுப்பூனை தன்னைப் பேருந்து நிலையம்வரை வந்து வழியனுப்பிய கதையை இன்றைக்கும் கண்ணில் தண்ணீரோடு சொல்கிறார். கேட்பவர்களும் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். காந்தத்தைப் பற்றி மட்டும் அதில் அரை வாக்கியம் வருவதில்லை.